போர்வைக் கடைக்கு டேஷ்போர்டு வாங்கிய கதை

சென்னிமலையில் சித்தப்பாவின் பெட்ஷீட் கடைக்கு ஆன்லைன் கணக்கு பார்ப்பது நான்தான். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது ஆர்டர் வரும். "மாசாமாசம் காசு கட்டுனா எல்லாத்தையும் அதுவே பார்த்துச் சொல்லிடுமாமே கண்ணு, வாங்கிடலாமா?" என்று, கடைக் கணக்கையெல்லாம் ஒரே திரையில் காட்டும் டேஷ்போர்டு மென்பொருளைப் பற்றி சித்தப்பா கேட்டார். வாங்கினோம். அவசரப்பட்டுவிட்டோம்.

டபுள் பெட்ஷீட்டில் ரிட்டர்ன் கூடுகிறது என்று டேஷ்போர்டு சிவப்பில் காட்டியது. சரி, ஏன்? அதற்கு அதில் பதில் இல்லை. திரும்பி வந்த 63 ஆர்டர்களையும் எக்செல்லில் இறக்கி, வாங்கியவர்கள் எழுதிய குறிப்பை ஒவ்வொன்றாகப் படித்து, பக்கத்துக் கட்டத்தில் ஒரே சொல்லில் காரணம் போட்டேன்: சாயம், அளவு, தாமதம். ஒன்றரை மணி நேர வேலை. 41 இடத்தில் 'அளவு'. "மெத்தையோட பக்கம்கூட மறையல" என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். நாங்கள் 90-க்கு 100 அங்குலம் என்று போட்டதோடு சரி, எந்தக் கட்டிலுக்கு என்று சொல்லவில்லை. 72 அங்குலக் கட்டிலில் 10 அங்குல உயர மெத்தை போட்டிருந்தால், பக்கத்துக்கு 9 அங்குலம்தானே தொங்கும்!

அதிலிருந்து என் வழக்கம் இதுதான். புதிதாக ஒரு கேள்வி வந்தால் முதலில் கையால் பார்ப்பேன். சில நூறு வரிகள் என்றால் முழுவதும், ஆயிரக்கணக்கில் என்றால் இருபதுக்கு ஒன்றாக எடுத்து. அதே கணக்கை நாலு வாரம் தொடர்ந்து போட வேண்டி வந்தால் மட்டும் மென்பொருளிடம் விடுவேன். தினசரி விற்பனை, இருப்பு, எந்த கொரியர் தாமதம் என்பதெல்லாம் அப்படிப் போனவைதான்.

மென்பொருளிடம் விடுவதற்கு முன் ஏதாவது ஒரு நாளை எடுத்து பில்லோடு ஒத்துப் பாருங்கள். இணையதளத்துக்கு வருபவர்களையும் வாங்குபவர்களையும் எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸில் எங்கள் ஆர்டர் எண்ணிக்கை எப்போதும் பில்லைவிடக் குறைவு. பிரவுசரில் கண்காணிப்பைத் தடுத்து வைத்திருப்பவர்கள் அதன் கணக்கில் வர மாட்டார்கள். அதனால் பணத்துக்கு பில், ஏற்ற இறக்கத்துக்கு அது. அப்புறம், நாமே தோண்டிப் பார்க்கும் அதன் எக்ஸ்ப்ளோர் பகுதிக்கான தரவை 2 மாதம்தான் வைத்திருக்கும்படி அமைப்பு இருக்கும். முதல் நாளே 14 மாதமாக மாற்றிவிடுங்கள். நான் மறந்துவிட்டு, போன தீபாவளியோடு ஒப்பிட வழியில்லாமல் விழித்தேன்.

கைவேலையிலும் கண்ணி உண்டு. எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணாகக் காப்பாற்றும். 16 இலக்க கொரியர் எண்ணை அப்படியே ஒட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முதலில் அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். 03/04 மார்ச்சா ஏப்ரலா என்பதையும் பாருங்கள். 2020-ல் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கொரோனா நோயாளிகளின் விவரம் விடுபட்டதற்கு, 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் வடிவம்தான் காரணம். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள்.

டேஷ்போர்டை நிறுத்திவிட்டோம். பில்லிங் மென்பொருளோடு வந்த ரிப்போர்ட்டே எங்களுக்குப் போதும். இப்போது ஒவ்வொரு பெட்ஷீட் படத்துக்குக் கீழும் கட்டில் அளவு இருக்கிறது. அடுத்த மாத ரிட்டர்னையும் கையால்தான் எண்ணப்போகிறேன்.