ஃபிளாட் அசோசியேஷன் விதிகள்: நோட்டீஸ் போர்டைத் தாண்டி நடைமுறைக்கு

ஒருவர் விதியை மீறுவதால் சங்கம் உடைந்துவிடாது. ஒரு வீட்டுக்கு மட்டும் விதி கிடையாது என்று மற்றவர்களுக்குத் தெரியவரும்போதுதான் உடைகிறது. செயலாளரின் மைத்துனர் விசிட்டர் பார்க்கிங்கில் நிரந்தரமாகக் காரை நிறுத்தி, யாரும் கேட்காமல் விட்டால், அடுத்த மாதம் அங்கே நாலு கார் நிற்கும். அதனால் கெடுபிடியைச் செயற்குழு உறுப்பினர்களின் வீட்டிலிருந்தே ஆரம்பியுங்கள்.

முதலில், விதி செல்லுமா என்று பாருங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் பத்துப் பேர் கட்டைவிரல் காட்டியது தீர்மானம் ஆகாது. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம் என்றால், துணைவிதியை (பைலா) திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாளுக்குக் குறையாமல் எழுத்தில் அறிவிப்பு கொடுத்து, பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் நாலில் மூன்று பங்குப் பேர் ஆதரித்து, மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றி, பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும், வம்பு செய்பவரின் வக்கீலுக்கு அதுவே போதும்.

விதியின் வாசகத்தில் யார், எங்கே, எத்தனை மணிக்குள் என்பது இருக்க வேண்டும். ‘மொட்டை மாடியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்’ என்பது வெறும் வேண்டுகோள். ‘வடகம், மிளகாய் காயவைப்பவர்கள் மாலை 6 மணிக்குள் எடுத்துவிட வேண்டும்’ என்பது விதி. மீறல் நடந்ததா இல்லையா என்று அதில் வாதாட இடமில்லை.

பாதி மீறல்களுக்குப் பெயிண்ட் டப்பாவே மருந்து. பார்க்கிங்கில் கோடு அழிந்து கிடந்தால், கோடு போட்டு வீட்டு எண்ணைத் தரையில் பெரிதாக எழுதுங்கள். குப்பையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, கீழே ஒரே தொட்டி வைத்திருந்தால் யார் பிரிப்பார்கள்?

அதற்குப் பிறகும் மீறல் தொடர்ந்தால், படிப்படியாகப் போக வேண்டும். அன்றோ மறுநாளோ செயற்குழு உறுப்பினர் ஒருவர் நேரில் போய்ப் பேசட்டும். வாட்ச்மேனை அனுப்பாதீர்கள், தனக்குச் சம்பளம் தருபவரை அதட்ட அவரால் முடியாது, திட்டு வாங்கித் திரும்புவார். குரூப்பில் போட்டோ போடவும் வேண்டாம். ஊர் பார்க்க அவமானப்பட்டவர் அதன்பின் வீம்புக்கே செய்வார். 7 நாளில் மாறவில்லை என்றால் கடிதம்: தேதி, நேரம், விதி எண், படம் நான்கும் அதில் இருக்கட்டும். வாடகைக்கு இருப்பவர் என்றால் ஓனருக்கும் ஒரு பிரதி. இன்னொரு 15 நாள் கழித்து, அந்தச் சண்டையில் சம்பந்தமில்லாத மூன்று பேர் உட்கார்ந்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும். அபராதம் அதற்குப் பிறகுதான், அதுவும் துணைவிதியில் இடமிருந்தால் மட்டும்.

மெயின்டனன்ஸ் பாக்கி தனிக் கதை. 40 வீடு, மாதம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் கட்டாவிட்டால் மாதம் 18,000 துண்டு விழும். வாட்ச்மேன் சம்பளம் இழுக்க ஆரம்பிக்கும். மாதக் கணக்கில் எல்லா வீட்டு எண்ணையும் எழுதி, கட்டியது, பாக்கி இரண்டையும் போடுங்கள். பாக்கிக்காரர்களை மட்டும் தனியாக ஒட்டினால் அது வேறு சண்டையாகும்.

கோபத்தில் தண்ணீர் வால்வை மூடவோ கரண்ட்டை நிறுத்தவோ கூடாது. அத்தியாவசிய வசதியைத் துண்டித்தால், பாக்கி வைத்தவர் புகார்தாரராகவும் சங்கம் பதில் சொல்லும் இடத்திலும் நிற்க நேரும். சரியான வழி வக்கீல் நோட்டீஸ், பிறகு சிவில் வழக்கு. பண வசூலுக்குக் காலவரம்பு 3 ஆண்டு. ‘பெரிய மனுஷர், எப்படியும் கொடுப்பார்’ என்று ஏழெட்டு வருஷம் விட்டால் பழைய தொகை போனதுதான். அந்த வரம்பு முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட கடிதம் வாங்கிவிட்டால், அன்றிலிருந்து காலம் புதிதாக எண்ணப்படும். வீட்டை விற்கும்போது வாங்குபவர் பாக்கியில்லாச் சான்று கேட்பார். அந்த நேரத்திலும் பிடி சங்கத்தின் கையில் இருக்கும்.

சில விதிகளைப் போடவே முடியாது. நாய் வளர்க்கத் தடை விதிக்க, பெரும்பான்மை இருந்தாலும் சங்கத்துக்கு அதிகாரமில்லை என்கின்றன இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல்கள். லிஃப்டில் ஏற்றக் கூடாது என்பதும் செல்லாது. கயிறு போட்டுக் கூட்டிவரவும், அசுத்தத்தை அள்ளவும் கேட்டுக்கொள்ளலாம்.

ஸ்பீக்கர் சத்தத்துக்குப் புது விதியே தேவையில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்க, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளே தடை சொல்கின்றன. மாடியில் பிறந்தநாள் கொண்டாட அனுமதி கேட்பவரிடம், அனுமதிக் கடிதத்திலேயே ‘ஸ்பீக்கர் 10 மணிக்கு நிற்கும்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 10.20-க்குப் போய்க் கதவைத் தட்டும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.