கிரிமினல் சைடு படிக்க ஆசையா? டெல்டா மாணவர்கள் எங்கே தொடங்குவது

பிளஸ் டூ முடித்துவிட்டு "கிரிமினல் சைடு படிக்கணும், என்ன புத்தகம் வாங்கலாம்?" என்று தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கும்போது, புத்தகம் அப்புறம், முதலில் உங்கள் ஊர் ஸ்டேஷன் வழக்கு ஒன்றைப் பிடித்து எஃப்.ஐ.ஆர். முதல் தீர்ப்பு வரை பின்தொடருங்கள் என்றுதான் சொல்வேன். குற்றவியல் நீதி என்பது பிரிவு எண்களை மனப்பாடம் செய்வது இல்லை. யார் எப்போது என்ன எழுதினார்கள், அதை யார் நம்பினார்கள் என்பதுதான் அதன் உயிர்.

படி 1: எந்தப் படிப்பு?

கோர்ட்டில் வாதாட வேண்டுமென்றால் எல்.எல்.பி. கட்டாயம். பிளஸ் டூவுக்குப் பிறகு என்றால் ஐந்து வருடம், டிகிரிக்குப் பிறகு என்றால் மூன்று வருடம். நமக்குப் பக்கத்தில் திருச்சி அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வழியாக விண்ணப்பிக்கலாம். திருச்சியிலேயே உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் தேர்வு எழுத வேண்டும். தஞ்சாவூரில் தனியார் பக்கம் சாஸ்த்ராவிலும் சட்டம் உண்டு. குற்றம் ஏன் நடக்கிறது, சிறை மனிதனை என்ன செய்கிறது, பாதிக்கப்பட்டவர் கதி என்ன என்று படிக்க ஆசை என்றால் அது கிரிமினாலஜி. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனாரிலும் அதற்குத் தனித் துறையே இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு வக்கீலாகப் பதிய முடியாது. பெற்றோரிடம் இதைச் சேரும் முன்பே சொல்லிவிடுங்கள். எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும்.

படி 2: இரண்டு பத்தி நோட்டு

எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை என்று சொல்லும் ஐ.பி.சி. 2024 ஜூலை 1 முதல் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. நோட்டில் இடது பக்கம் பழைய எண், வலது பக்கம் புது எண்: கொலை 302, இப்போது 103. திருட்டு 379, இப்போது 303. மோசடி 420, இப்போது 318. பழையது எதற்கு என்று கேட்காதீர்கள். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்றும் பழைய சட்டம்தான், அதனால் கோர்ட்டுக்குப் போனால் இரண்டு எண்களும் மாறி மாறிக் காதில் விழும்.

படி 3: ஒரு எஃப்.ஐ.ஆரைத் திறந்து படியுங்கள்

தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், வருடம் கொடுத்தால் எஃப்.ஐ.ஆரைப் பார்க்கலாம், பாலியல் வழக்குகள் போன்றவை இருக்காது, இருக்கவும் கூடாது. கொள்ளிடக் கரை ஸ்டேஷன் ஒன்றில் மணல் வழக்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மாட்டுவண்டி பிடிபட்டது மாதிரி சின்ன வழக்காகவே இருக்கட்டும். கதையை விடுங்கள், முதலில் கட்டங்களைப் பாருங்கள். சம்பவம் நடந்த நேரம் ஒரு கட்டம், ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நேரம் இன்னொரு கட்டம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? ஸ்டேஷனிலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டர்? தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் என்ன எழுதியிருக்கிறது? எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையைத் தொடங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டங்களில் இருந்துதான்.

அப்புறம் பிரிவுகள். ஆற்று மணல் அரசின் சொத்து, அதனால் திருட்டு. அனுமதியில்லாமல் அள்ளியதால் கனிமச் சட்டத்தின் 21ஆம் பிரிவும் சேரும். ஆனால் கனிமச் சட்டக் குற்றத்துக்கு, அதிகாரம் பெற்ற அலுவலர் எழுத்தில் புகார் கொடுத்தால்தான் கோர்ட் வழக்கை எடுக்க முடியும் என்கிறது 22ஆம் பிரிவு. அப்படியானால் போலீஸ் போட்ட வழக்கு நிற்குமா? திருட்டு வேறு, கனிமச் சட்டக் குற்றம் வேறு, திருட்டுக்குப் போலீஸ் வழக்கு நடத்தலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு மாட்டுவண்டி மணலுக்குள் இவ்வளவு சட்டம் இருக்கிறது!

எஃப்.ஐ.ஆரில் இருக்கும் பெயர்களை யாருக்கும் அனுப்பாதீர்கள். அதில் பெயர் வந்ததாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார்.

படி 4: கோர்ட்டில் போய் உட்காருங்கள்

கும்பகோணமோ மன்னார்குடியோ, பக்கத்தில் இருக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மூடிய அறையில் நடக்கும் விசாரணை தவிர மற்றதைப் பொதுமக்கள் பார்க்கலாம். போனை அணைத்துவிட்டு, கடைசி வரிசையில் உட்காருங்கள். டவாலி பெயர் கூப்பிடுவதும், ரிமாண்டுக்குக் கொண்டு வருவதும், வாய்தா போடுவதும் வேகவேகமாக நடக்கும். முதல் நாள் ஒன்றும் பிடிபடாது, பரவாயில்லை. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டம் 22ஆம் பிரிவில் படிப்பது, அங்கே ஒரு மனிதராக உங்கள் முன் வந்து நிற்கும். "உங்களை அடித்தார்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்கும்போது கைதானவர் பதில் சொல்வதற்கு முன் யாரைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள்.

சாட்சிகளையும் பாருங்கள். நடவு வேலைக் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்த அம்மாவிடம் வாய்தா என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நாலு தடவை இப்படி அலைந்தவர் ஐந்தாவது தடவை பிறழ்சாட்சி ஆனால், அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னால், காசு வாங்கிவிட்டார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று: "குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று பேப்பரில் படிப்பீர்கள். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் சாட்சியம் ஆகாது. அதைக் கேட்டுக் கைப்பற்றிய பொருள் இருந்தால், அது தொடர்பான பகுதி மட்டும் செல்லும்.

படி 5: புராஜெக்ட்

தலைப்பு தேடி அலைய வேண்டாம், பத்தூர் நடராஜர் போதும். 1976இல் திருவாரூர்ப் பக்கத்துப் பத்தூரில் மண்ணைத் தோண்டியபோது கிடைத்த சிலை லண்டன் வரை போய், அங்கே வழக்கு நடந்து, 1991இல் திரும்பி வந்தது. தொல்லியல் அறிஞர் நாகசாமி லண்டன் போய்ச் சாட்சி சொன்னார். அந்தச் சிலைக்கு உரிய, இடிந்து கிடந்த பத்தூர்க் கோயில்கூட வழக்காடலாம் என்று ஆங்கில நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது சிவில் வழக்குதான், ஆனாலும் இந்தச் சிலை இந்த மண்ணிலிருந்துதான் வந்தது என்று எப்படி நிரூபிப்பது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் நம் பக்கத்தில் இல்லை. தீர்ப்பு ஆங்கிலத்தில் நீளமாக இருக்கும். என்ன நடந்தது என்று சொல்லும் முன்பகுதியை மட்டும் முதலில் படித்து, யார் எதற்குச் சாட்சி சொன்னார் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சட்ட விவாதத்துக்கு அதற்கப்புறம் போகலாம்.