மூன்று 6.5 தோட்டாக்கள்: மான் வேட்டைக்கு எது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

கையால் தோட்டா நிரப்பப் பழகுகிறவர் யாராக இருந்தாலும் முதல் மாதத்திலேயே இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்: 6.5 கிரீட்மோரா, .260 ரெமிங்டனா, இல்லை பழைய 6.5×55 ஸ்வீடிஷா? நான் அமெரிக்காவின் கொலராடோவில் மியூல் டீர் என்ற மான் வேட்டைக்குப் போகிறவன். மூன்றையும் நிரப்பியிருக்கிறேன். எது பெரியது என்ற சண்டைக்குள் போகாமல், ஒரு தாளும் பேனாவும் வெர்னியர் காலிப்பரும் வைத்துக்கொண்டு நீங்களே ஒப்பிடுவது எப்படி என்று மட்டும் சொல்கிறேன்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே மான் வேட்டைக்கு வழியில்லை. ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதும் குற்றம். உங்களுக்கு இது படித்துத் தெரிந்துகொள்ள மட்டும்.

சொற்களையும் முதலிலேயே பிரித்துவிடுவோம். தோட்டா என்றால் முழுச் சாமான். குண்டு என்பது பறந்து போகும் முனை. கூடு என்பது பித்தளை உறை. அதன் அடியில் தீப்பற்றவைக்கும் பிரைமர், உள்ளே பவுடர்.

படி 1: எது ஒன்றேதான் என்று எழுதுங்கள்

பலர் வித்தியாசத்தில் தொடங்கிக் குழம்புகிறார்கள். ஒற்றுமையை முதலில் எழுதினால் பாதி சண்டை அடங்கிவிடும். மூன்றும் எறிவது .264 அங்குல விட்டமுள்ள அதே குண்டைத்தான். 140 கிரெயின் குண்டு என்றால் ஏறத்தாழ 9.07 கிராம். ஒரே பெட்டியிலிருந்து எடுத்து மூன்று கூட்டிலும் வைக்கலாம். மானின் மேல் படுவது அந்தக் குண்டு. பின்னால் எந்தக் கூடு இருந்தது என்பது மானுக்குத் தெரியாது.

படி 2: கூட்டின் பிறப்பைப் பாருங்கள்

6.5×55 ஸ்வீடன், நார்வே ராணுவங்களுக்காக 1890களில் பிறந்தது. .260 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவின் கூட்டுக் கழுத்தைக் குறுக்கியது. கைவேலைக்காரர்கள் வெகுகாலம் தாங்களே செய்துவந்ததை ரெமிங்டன் 1997இல் தன் பெயரில் கொண்டுவந்தது. கிரீட்மோர் 2007இல் நெப்ராஸ்காவின் ஹார்னடி நிறுவனத்தில் உருவானது. பெயர் நியூயார்க் லாங் ஐலண்டில் இருந்த பழைய துப்பாக்கிப் போட்டித் திடலுடையது.

நிரப்புகிறவனுக்கு இந்த வரலாறு எதற்கு என்றால், கூடு எங்கே கிடைக்கும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. அதே .308 குடும்பத்தின் .243 கூட்டின் கழுத்தை விரித்தோ, 7எம்எம்-08 கூட்டின் கழுத்தைக் குறுக்கியோ .260 செய்துகொள்ளலாம். ஆனால் புதியவர்கள் அதைத் தொடாதீர்கள். கூட்டின் அடியில் ஒரு பெயர், உள்ளே வேறு தோட்டா என்று ஆகிவிடும். மூன்று வருஷம் கழித்து அந்தப் பெட்டியைத் திறக்கிறவர் நீங்களாகவே இருந்தாலும் நினைவிருக்காது. 6.5×55 கூட்டின் அடிப்பாகம் .308 குடும்பத்தைவிட நூறில் ஒரு அங்குலம் தடிமன். பெரும்பாலும் நிரப்பும்போது கூட்டைப் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டர்கூடத் தனியாக வாங்க வேண்டிவரும்.

கிரீட்மோர் கூடு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதில் பெரிய பிரைமர் குழி உள்ளதும் உண்டு, சிறிய பிரைமர் குழி உள்ளதும் உண்டு. இரண்டும் ஒரே வாளியில் கலந்தால் பிரைமர் போடும்போதுதான் தெரியும், கை வலிக்க வலிக்க.

படி 3: அழுத்த எல்லையை எழுதுங்கள்

இங்கேதான் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அமெரிக்காவில் சாமி (SAAMI) என்ற துப்பாக்கி, தோட்டாத் தயாரிப்பாளர் அமைப்பு ஒவ்வொரு தோட்டாவுக்கும் உச்ச அழுத்தம் வகுத்திருக்கிறது. (நம்ம ஊர் சாமி இல்லை.) 6.5 கிரீட்மோருக்கு 62,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). .260க்கு 60,000. 6.5×55க்கு வெறும் 51,000.

தோட்டா நிரப்பும் கையேட்டைப் புரட்டுகிறவர் 6.5×55இன் வேகம் குறைவாக இருப்பதைப் பார்த்து, கிழத் தோட்டா என்று ஒதுக்கிவிடுகிறார். உண்மையில் மூன்றில் பெரிய கூடு அதுதான். பவுடர் கொள்ளும் இடம் அதில்தான் அதிகம். எல்லையைத் தாழ்த்தி வைத்ததற்குக் காரணம், அந்தத் தோட்டாவுக்கு நூறு வயதைத் தாண்டிய ரைஃபிள்கள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. நார்வேயின் கிராக்-யோர்கென்சன் ரைஃபிளில், தோட்டாவின் பின்னால் மூடி நிற்கும் போல்ட்டைத் தாங்குவதற்கு முன்பக்கம் ஒரே ஒரு பூட்டுக் காதுதான் உண்டு. கையேடு எழுதுகிறவர் அதையும் நினைத்துத்தான் எழுத வேண்டும்.

சரி, என்னுடையது புது ரைஃபிள்தானே, கொஞ்சம் கூட்டிப் போட்டால் என்ன? போடாதீர்கள். உங்கள் கையேட்டில் எந்த எல்லை அச்சாகியிருக்கிறதோ அதுவே எல்லை. ஐரோப்பாவின் சி.ஐ.பி. அமைப்பு இதே தோட்டாவுக்கு 3,800 பார் அனுமதிக்கிறது என்பது உண்மை. ஆனால் அவர்கள் அளக்கும் முறை வேறு. அந்த எண்ணை பி.எஸ்.ஐ.க்கு மாற்றிச் சாமி எண்ணோடு ஒட்டிப் பார்க்க முடியாது.

இன்னொன்று. ஒரு தோட்டாவின் பவுடர் அளவை இன்னொன்றுக்கு எடுக்கவே கூடாது, குண்டு ஒன்றே என்றாலும். 6.5×55 அளவைக் கிரீட்மோரின் சின்னக் கூட்டில் போட்டால் அழுத்தம் எகிறும். அந்தந்தத் தோட்டாவின் பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள தொடக்க அளவில் ஆரம்பித்து, சிறிது சிறிதாக ஏறுங்கள்.

படி 4: வேகத்தை ஒப்பிடும் முன் குழலின் நீளத்தைப் பாருங்கள்

கையேட்டில் வேகத்துக்கு மேலே சின்ன எழுத்தில் சோதனைக் குழலின் நீளம் போட்டிருப்பார்கள். ஒன்று 24 அங்குலம், இன்னொன்று 22 என்று இருக்கும். ஓர் அங்குலக் குழலுக்கு ஏறத்தாழ விநாடிக்கு 20 முதல் 30 அடி வேகம் மாறும். பழைய ஸ்வீடிஷ் எம்96 ராணுவ ரைஃபிளின் குழல் 29 அங்குலம். அதில் அளந்த வேகத்தை உங்கள் 22 அங்குல ரைஃபிளில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பிறகு சக்தியைக் கணக்கிடுங்கள். கிரெயினில் உள்ள எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 450,240ஆல் வகுத்தால் அடி-பவுண்டு கிடைக்கும். 140 கிரெயின், விநாடிக்கு 2,700 அடி: 2,267 அடி-பவுண்டு. அதே குண்டு 2,750 அடியில்: 2,352. வித்தியாசம் நாலு சதவீதம்கூட இல்லை. 200 கெஜத்துக்குக் குறி சரிபார்த்த ரைஃபிளில், 300 கெஜத்தில் குண்டு இறங்கும் வித்தியாசம் அரை அங்குலத்துக்கும் கீழே. அதைவிட அதிகமாக என் மூச்சே ஆட்டிவிடும்.

அப்புறம் உங்கள் ஊர்ச் சட்டம். கொலராடோவில் மானுக்கு குறைந்தது .24 அங்குலக் காலிபர் (குழல் விட்டம்), 70 கிரெயின் குண்டு, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு. மூன்றுமே எளிதில் தாண்டும். ஸ்வீடனில் மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்கு வேறு கணக்கு: குண்டு 9 முதல் 10 கிராம் என்றால் 100 மீட்டரில் 2,700 ஜூல் வேண்டும், 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2,000 போதும். 2,700 அடியில் கிளம்பும் 140 கிரெயின் குண்டு அந்தக் கோட்டைத் தொடத் திணறும். 156 கிரெயின் குண்டு 10.1 கிராம், மெதுவாகப் போனாலும் தப்பித்துவிடும். எது சிறந்தது என்ற கேள்விக்குச் சில சமயம் சட்டப் புத்தகமே பதில் சொல்லிவிடுகிறது.

படி 5: காலிப்பரை எடுங்கள்

நான் அடிபட்டுக் கற்றது இது. .260க்கு நீளமான, கூர்முனைக் குண்டு வாங்கி, குழலின் உட்புறச் சுழல் வரிகளுக்கு அருகே போகட்டும் என்று வெளியே நீட்டி 20 தோட்டா நிரப்பினேன். சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஒவ்வொன்றாக அழகாக உட்கார்ந்தது. மேகசினில் போட்டால் முன்சுவரில் முட்டி நிற்கிறது. இருபதையும் சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லரில் தட்டித் தட்டிப் பிரித்தேன். ஒரு சனிக்கிழமை மாலை அதிலேயே போயிற்று.

கணக்கைப் பாருங்கள். .260 கூட்டின் நீளம் 2.035 அங்குலம், தோட்டாவின் மொத்த நீளம் 2.800க்குள். கூட்டுக்கு வெளியே குண்டுக்குக் கிடைப்பது .765. கிரீட்மோர் கூடு 1.920, மொத்தம் 2.825, மிச்சம் .905. மூன்றரை மில்லிமீட்டர் அதிகம். நீளமான குண்டைப் பவுடருக்குள் ஆழமாக அமுக்காமல், குட்டை மேகசின் உள்ள ரைஃபிளிலேயே வைக்க முடிகிறது. கிரீட்மோர் ஜெயித்த இடம் வேகம் இல்லை, இந்த மூன்றரை மில்லிமீட்டர். 6.5×55 கூடு 55 மில்லிமீட்டர், அதாவது 2.165 அங்குலம், அதற்கு நீளமான மேகசின் உள்ள ரைஃபிள் வேண்டும்.

குழலின் முறுக்கையும், அதாவது அந்தச் சுழல் வரிகள் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றுகின்றன என்பதையும், எழுதிக்கொள்ளுங்கள். கிரீட்மோருக்கு 8 அங்குலத்தில் ஒரு சுற்று, ஸ்வீடிஷுக்கு 200 மில்லிமீட்டர், அதுவும் ஏறத்தாழ அதே. ஆரம்பகால .260 ரைஃபிள்கள் பலவற்றில் 9 அங்குலம். சாதாரண 140 கிரெயின் வேட்டைக் குண்டுக்கு அது போதும், மிக நீளமான போட்டிக் குண்டுகள் அதில் தடுமாறலாம். பழைய .260 வாங்குகிறீர்கள் என்றால் விலை பேசும் முன் இதைக் கேளுங்கள்.

படி 6: தாளைப் பார்த்து முடிவெடுங்கள்

கையில் ஏற்கெனவே நல்ல .260 இருந்தால் மாற்றாதீர்கள். தாத்தாவின் ஸ்வீடிஷ் மவுசர் இருந்தால் முதலில் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டி ஹெட்ஸ்பேஸ் (சேம்பரில் போல்ட்டின் முன் தோட்டாவுக்குள்ள இடம்) பாருங்கள். பிறகு கையேட்டின் மென்மையான அளவுகளிலேயே நில்லுங்கள், மானுக்கு அது தாராளம். எதுவும் இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கிரீட்மோர் என்றே சொல்வேன். கூடு, கூட்டை வடிவமாக்கும் டை, குண்டு, கையேட்டுப் பக்கம் எல்லாம் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். எனக்குப் பிடித்தது ஸ்வீடிஷ்தான், அது வேறு விஷயம்.

நிரப்பும் நாளில் மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பா, ஒரே வகைக் கூடு. முதலில் பவுடரும் பிரைமரும் இல்லாத ஒரு வெற்றுத் தோட்டாவைச் செய்து மேகசினில் வைத்துப் பாருங்கள். முட்டாமல் உள்ளே போனால் மட்டும் பவுடர் டப்பாவைத் திறங்கள்.