எழுதியதை ஆறப்போடுவது எப்படி? புதிதாக எழுதுபவர்களுக்கு ஒரு செய்முறை

ஒரு கட்டுரையை எழுதி முடித்த கையோடு திருத்தத் தொடங்கினால் எழுத்துப்பிழைகள் அகப்படும்; பெரிய குறைகள் அகப்படமாட்டா. சொல்ல நினைத்தது இன்னும் மனதில் சூடாக இருப்பதால், தாளில் இல்லாததையும் நாமே நிரப்பிக்கொண்டு வாசிக்கிறோம். அந்த நினைவு மங்கும்வரை எழுத்தை எட்ட வைத்திருப்பதுதான் ஆறப்போடுதல். திருகோணமலையில் எழுதத் தொடங்கியிருக்கும் இளையவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். உதாரணங்களும் நம்மூரிலிருந்தே வருகின்றன.

முதலாவது படி: கடைசி வரிவரை எழுதுங்கள்

பாதியில் நிற்பதை ஆறப்போட்டால் அது அப்படியே கிடந்துவிடும். முடிவு பிடிக்காவிட்டாலும் ஏதாவதொரு முடிவை எழுதுங்கள். கொப்பியில் எழுதினால் மேலே திகதியைப் போடுங்கள். கணினியில் எழுதினால் கோப்பின் பெயரிலேயே திகதியைச் சேருங்கள். திருத்தும் ஒவ்வொரு முறையும் புதிய பிரதி எடுத்து அதில் திருத்துங்கள். வெட்டிய பத்தி பிறகு தேவைப்படுவது எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் நடக்கிற காரியம்.

இரண்டாவது படி: சந்தேகங்களைத் தனித்தாளில் எழுதுங்கள்

எழுத்தை எடுத்து வைக்கும் முன், உறுதியில்லாத தகவல்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலக யுத்தகாலத் திருகோணமலையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பையும், 9ஆம் திகதி திருகோணமலையையும் தாக்கின. இரண்டையும் ஒரே நாளாக்கி எழுதிவிடுவது மிக எளிது. அந்தத் தாக்குதலில் எரிந்த எண்ணெய்த் தாங்கியின் கதையைச் சொல்லும் வேகத்தில் திகதி வழுக்கிவிடும். ஆறும் நாட்களில் நூலகத்துக்குப் போய் இவற்றைச் சரிபார்க்கலாம். ஆனால் விடையை அந்தத் தனித்தாளிலேயே எழுதுங்கள். மூலப் பிரதியைத் திறந்தால் அத்தனை நாள் காத்திருந்ததும் வீண்.

மூன்றாவது படி: காலத்தைத் தீர்மானியுங்கள்

ரோமானியக் கவிஞர் ஹோரேஸ், எழுதியதை ஒன்பதாம் ஆண்டுவரை வெளியிடாமல் வைத்திருக்கச் சொன்னார். நமக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இலக்கியப் போட்டிகளின் இறுதித் திகதியும் காத்திருக்காது. என் கணக்கு இது: அரைப் பக்கச் செய்திக் குறிப்புக்கு ஓர் இரவு, பத்திரிகைக் கட்டுரைக்கு நான்கைந்து நாட்கள், சிறுகதைக்கு மூன்று வாரங்கள். சொந்த வீட்டுத் துயரத்தை எழுதியிருந்தால் இன்னும் கூட்டுங்கள், ஏனென்றால் அந்த நினைவு எளிதில் மங்காது. எழுதிய வரிகளில் சில மறந்துவிட்டால் போதிய காலம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

நான்காவது படி: கண்ணில் படாமல் வையுங்கள்

கொப்பியை லாச்சிக்குள் போடுங்கள். கைத்தொலைபேசியில் பிரதி இருந்தால் அழித்துவிடுங்கள். பஸ்ஸில் போகும்போது ஒரு தடவை பார்ப்போம் என்று கை போகும். இந்த நாட்களில் யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டாம். நண்பர் பாராட்டினால் திருத்த மனம் வராது, குறை சொன்னால் அவர் சொன்னதை மட்டுமே திருத்துவீர்கள். மற்றபடி உங்கள் விருப்பம். வேறொன்றை எழுதுங்கள், வாசியுங்கள், மாலையில் டச்பே கடற்கரையில் நடந்துவிட்டு வாருங்கள்.

ஐந்தாவது படி: வேற்றாளாக வாசியுங்கள்

முதல் வாசிப்பில் எழுத்தின் தோற்றத்தை மாற்றிவிடுங்கள். கணினியில் எழுதியதை அச்செடுத்து, எழுதிய மேசையில் இல்லாமல் வேறிடத்தில் இருந்து வாசியுங்கள். கொழும்புக்கு இரவு ரயிலில் போகிறவர்களுக்கு அது நல்ல சந்தர்ப்பம். பேனையைத் தொடாமல் முழுவதையும் ஒருமுறை வாசித்துவிட்டு, இரண்டாம் முறை வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். திருத்த வேண்டாம், கோடு மட்டும்.

எதைத் தேடுவது? ஓர் இளம்பெண் எழுதியதாக ஒரு பயிற்சிப் பத்தியை இதற்காகவே எழுதியிருக்கிறேன்:

"கன்னியா வெந்நீர் ஊற்று வரலாற்றுப் புகழ் வாய்ந்த இடமாகும். அங்கு ஏழு கிணறுகள் உள்ளன. அன்று காலை நாங்கள் அனைவரும் சென்றோம். அம்மா முதலாவது கிணற்றடியில் நீண்ட நேரம் நின்றார். மாமா அவரைக் கூப்பிடவில்லை."

எழுதிய பெண்ணுக்கு அன்று அம்மம்மாவின் அந்தியேட்டி என்பது தெரியும். திருகோணமலை வாசகர் ஒருவேளை ஊகித்துவிடுவார், ஏனென்றால் கன்னியாவுக்குக் குளிக்க மட்டுமல்ல, இறந்தவர்களுக்கான கிரியைக்கும் நம்மவர்கள் போகிறார்கள். மன்னாரிலோ மலையகத்திலோ இருக்கும் வாசகருக்கு இது ஒரு சுற்றுலா. அம்மா ஏன் நிற்கிறார், மாமா ஏன் கூப்பிடவில்லை என்று அவர் குழம்புவார். எழுதிய அன்று இந்த ஓட்டை அந்தப் பெண்ணின் கண்ணில் படாது. மூன்று வாரம் கழித்து வாசித்தால் அவளும் அந்த வெளியூர் வாசகரைப் போலவே நான்காவது வாக்கியத்தில் நின்றுவிடுவாள். திருத்திய பிறகு:

"அம்மம்மாவின் அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போனோம். ஏழு கிணறுகளிலும் சூடு ஒரே மாதிரி இல்லை. அம்மா முதலாவது கிணற்றுக்குள் வாளியை விட்டார், தூக்கவில்லை. மாமா அவரைக் கூப்பிடவில்லை."

"வரலாற்றுப் புகழ் வாய்ந்த" என்பது போய்விட்டது. அது யாரும் எந்த இடத்தைப் பற்றியும் எழுதக்கூடிய வரி, பாடசாலைக் கட்டுரைப் பழக்கத்தின் மிச்சம். கடைசி வாக்கியத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. முன்னால் காரணம் வந்ததால் அதற்கு இப்போது பொருள் இருக்கிறது. ஆறிய எழுத்தில் பெரும்பாலும் இரண்டு வகைத் திருத்தங்கள்தான் வரும்: உங்களுக்குத் தெரிந்து தாளுக்கு வராததைச் சேர்ப்பது, அலங்காரத்துக்காக வந்ததை வெட்டுவது. முதற்பத்தியைக் கையால் மறைத்து, இரண்டாம் பத்தியிலிருந்து தொடங்க முடிகிறதா என்றும் பாருங்கள். பல கட்டுரைகளில் முடிகிறது.

ஆறாவது படி: திருத்தி, மறுபடியும் ஆறப்போடுங்கள்

இம்முறை குறைந்த காலம் போதும், முதற்தடவையில் பாதி. முதற்சுற்றில் பத்திகளின் ஒழுங்கையும் விடுபட்டதையும் மட்டும் கவனியுங்கள். வாக்கியங்களை இரண்டாம் சுற்றில் பாருங்கள். ஒற்றுப்பிழை, ற-ர மயக்கம் எல்லாம் கடைசியில். இந்த ஒழுங்கை மாற்றினால், வெட்டப்போகிற பத்திக்குப் பிழை திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

காலக்கெடு நாளைக்கே என்றால்? மாலையில் முடித்து, இரவு தூங்கி, காலையில் வாய்விட்டு வாசித்து அனுப்புங்கள். அந்த ஓர் இரவையாவது விட்டுக்கொடுக்காதீர்கள்.

காலக்கெடுவே இல்லாதவர்களுக்கு எதிர்ப்பக்கத்துச் சிக்கல் உண்டு: சிலர் ஆறப்போடுவதைச் சாட்டாக வைத்து எதையும் வெளியே விடுவதில்லை. போன தடவை எடுத்த காற்புள்ளியை இந்தத் தடவை திரும்பப் போடுகிறீர்கள் என்றால் திருத்த இனி ஒன்றும் இல்லை. அன்றைக்கே தபாலில் சேர்த்துவிடுங்கள்.