இரண்டு விரல் இடைவெளி: காரின் உயரத்தை அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்–ஷாக் அப்சார்பர் தொகுதி) பொருத்திய அன்றே டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்து, "இரண்டு விரல் போதும்" என்று உயரத்தை முடிவுகட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முன்புறம் 40 மி.மீ. இறக்கினேன். பொருத்திய பட்டறையில் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்க்கவில்லை; நானும் கேட்கவில்லை. 2,000 கிலோமீட்டர் ஓடுவதற்குள் முன் டயர்கள் இரண்டின் உள்விளிம்பிலும் கம்பி தெரிந்தது. வெளியே நின்று பார்த்தால் டயர் புதிதுபோல இருந்தது. குனிந்து, கையை உள்பக்கம் விட்டுத் தடவியபோதுதான் விரலில் குத்தியது.

இங்கே ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்புறம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இருக்கும் அமைப்பு), பின்புறம் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொடுக்கும் உத்தரம்). அவற்றை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதல் தவறு, உயரத்தை வெறும் தோற்றமாகப் பார்ப்பது. சக்கரம் மேலேறுவதற்கும் கீழிறங்குவதற்கும் இருக்கும் மொத்த இடத்தை எப்படிப் பங்குபோடுவது என்பதுதான் உயரம். சாதாரண வகைக் காயில்ஓவரில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் வளையம் மட்டுமே நகரும். அதை 40 மி.மீ. கீழே இறக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே ஷாக் அப்சார்பரின் தண்டு 40 மி.மீ. உள்ளே போய்விடுகிறது. பள்ளம் மேடுகளை வாங்கிக்கொள்ள மிச்சம் இருப்பது குறைந்து, சக்கரம் அடிக்கடி பம்ப் ஸ்டாப்பில் (ஓட்டத்தின் முடிவில் தடுக்கும் மெத்தைத் துண்டு) போய் இடிக்கிறது. ஸ்பிரிங் சரியில்லை என்று பழி போட்டு, ஷாக் அப்சார்பரின் திருகை இன்னும் இறுக்குகிறோம். அதனால் ஒன்றும் ஆகாது. தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டிக் கீழ்வரை தள்ளிவிட்டு, ஒரு வாரம் வழக்கமான பாதையில் ஓட்டுங்கள். அது எதுவரை தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் மிச்சம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். தினமும் அது பம்ப் ஸ்டாப்புக்குள் புதைந்திருந்தால் வண்டியை ஏற்றியே ஆக வேண்டும்.

அடிப்பாகத்திலும் மரை இருப்பதால் மொத்த நீளத்தையே குறைக்கக்கூடிய, விலை கூடிய வகையில் தண்டின் ஓட்டம் குறையாது என்று விற்பவர் சொல்வார். உண்மைதான். ஆனால் வண்டியின் உடல் சக்கரத்தை நெருங்கிவிட்டதல்லவா? பம்ப் ஸ்டாப் தடுப்பதற்கு முன்பே டயர் உள்மட்கார்டில் உரசும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கால் சக்கரத்தை மேலே தள்ளி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்காமல் இந்த வகையில் உயரத்தை முடிவு செய்யாதீர்கள்.

வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. ஒரு ஸ்பிரிங் தாங்கும் எடை 300 கிலோ, விறைப்பு மி.மீ.க்கு 6 கிலோ என்று கொள்வோம். வண்டி நிற்கும்போது அது 50 மி.மீ. அமுங்கும். வளையத்தை 10 மி.மீ. ஏற்றினாலும் அதே 300 கிலோதான், அதே 50 மி.மீ.தான். வண்டி 10 மி.மீ. உயரும், அவ்வளவே. பின்புறக் கணக்கு வேறு. பல கார்களில் அங்கே ஸ்பிரிங் அச்சுக்கு முன்னால் தனியாக இருப்பதால், 10 மி.மீ. திருகினால் சக்கரத்தில் அதைவிடக் கூடுதலாக மாறும்.

அடுத்து டேப். தரையிலிருந்து மட்கார்டு வரை அளந்தால் காற்றழுத்தமும் டயர் தேய்மானமும் அளவில் கலந்துவிடும். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். ஜாக்கை இறக்கிய கையோடு அளப்பதும் வீண். தொங்கிய சக்கரங்கள் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டியை உயர்த்தியே வைத்திருக்கும். தெருவை இரண்டு முறை சுற்றி வந்து, சமதளத்தில் நிறுத்தி அளக்க வேண்டும். ஓட்டுநரின் எடையும் இருக்க வேண்டும். நான் 25 கிலோ அரிசி மூட்டை மூன்றை ஓட்டுநர் இருக்கையில் வைத்து அளக்கிறேன். வீட்டில் கேள்வி கேட்டார்கள், பரவாயில்லை.

ஒரு மூலையில் 3 மி.மீ. வித்தியாசம் தெரிந்ததும் அந்த வளையத்தை மட்டும் திருகும் பழக்கம் பலருக்கு உண்டு. ஆடும் மேசையின் ஒரு காலுக்கு அட்டை வைத்தால் எதிர்மூலைக் காலுக்கும் பாரம் கூடுகிறதே, அதுதான் காரிலும் நடக்கிறது. நான்கு சக்கரத்தையும் எடைபோட வசதி இல்லையென்றால் இடமும் வலமும் ஒரே அளவு மரையில் வைத்துவிட்டு, சின்ன வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்வதே நல்லது. உயரத்தை மாற்றும்போது ஸ்டெபிலைசர் பாரின் (இடது, வலது சக்கரங்களை இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) ஒரு இணைப்பைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அது முறுக்கிக்கொண்டு பொய்யான அளவைக் காட்டும்.

கீழே படுத்து லோயர் ஆர்மைப் (சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் கீழ்க்கை) பாருங்கள். அதன் வெளிமுனை உள்முனையைவிட மேலேறியிருந்தால், அளவுக்கு மீறி இறக்கிவிட்டீர்கள் என்று பொருள். வண்டியின் எடைமையம் இறங்கியதைவிடச் சாயும் மையம் (வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) அதிகமாக இறங்கியிருக்கும். தாழ்வான கார் வளைவில் முன்னைவிடக் கூடுதலாகச் சாய முயல்வது இதனால்தான். ஆர்மின் போல்ட்களைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினாலும் தொல்லை. மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே வேலை செய்து கிழியும். எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு. அதன்பின் அலைன்மென்ட். டயரைத் தின்பது பெரும்பாலும் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) அல்ல, மாறிப்போன டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்).

இனி வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிப்படி அது 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆர வளைவு. 2.5 மீட்டர் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) உள்ள கார் அதன்மேல் நிற்கும்போது வயிற்றுப் பகுதியில் இழப்பது 5 செ.மீ.க்கும் குறைவே. ஆனால் நம் தெருவில் யாரோ கொட்டி வைத்திருக்கும் குறுகிய மேடு அப்படியா? 10 செ.மீ. என்றால் முழு 10 செ.மீ.யும் போய்விடும். 170 மி.மீ. இடைவெளியில் 40 இறக்கி, நான்கு பேரும் பெட்டிகளும் ஏறி இன்னொரு 30 அமுங்கினால், மிச்சம் சரியாக 10 செ.மீ. நான் 25 மி.மீ. இறக்கத்தோடு நின்றுகொண்டதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

உயரம் மாறியதும் முகப்பு விளக்கின் கோணத்தைச் சரிபாருங்கள். பின்புறத்தை அதிகம் இறக்கினால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பூட்டு வளையத்தை வளைந்த ஸ்பேனரால் இறுக்குவதற்கு முன் மரையைத் தூரிகையால் துடையுங்கள். மண் அப்பிய மரையில் வலிந்து திருகினால் அலுமினிய வளையம் கடித்துக்கொள்ளும். ஒரு மழைக்காலம் கடந்தபின் அதை அசைக்க ஆளைத் தேட வேண்டியிருக்கும்.