விளாம்பழமும் கருப்பட்டியும்: புரட்டாசி, ஐப்பசிக்கு ஒரு காக்டெய்ல்

குளிர் தேசத்தில் இலை உதிரத் தொடங்கியதும் ஆப்பிளும் பட்டையும் போட்டு காக்டெய்ல் கலக்குகிறார்கள். ராமநாதபுரம் கடற்கரையில் உதிர என்ன இருக்கிறது, கருவேலம்தான். ஆனால் பிள்ளையார் சதுர்த்திக்கு அருகம்புல், எருக்கம்பூ மாலையோடு சந்தையில் வந்து இறங்குகிற விளாம்பழம் ஐப்பசி மழையிலும் கிடைக்கும். நமக்கு அதுதான் சீசன் பழம்.

பழம் பொறுக்குவதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஒரு முழ உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பாருங்கள். காய் என்றால் பந்து மாதிரி எகிறும், பழம் தொப்பென்று விழுந்த இடத்திலேயே கிடக்கும். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினால் உள்ளே சதை ஓட்டை விட்டுக் கழன்று லொடக் லொடக்கென்று உருள வேண்டும், காம்புப் பக்கம் மோந்தால் புளித்த வெல்ல வாசம் வர வேண்டும். கையில் எடுத்ததும் கனமே இல்லையா, அப்படியே வைத்துவிடுங்கள், அது யானை உண்ட விளாங்கனி. யானை என்பது அந்தப் பழத்துக்கு வரும் நோய் என்பார்கள். எதுவானாலும் காசு போவது நமக்குத்தான்.

இரண்டு கிளாஸுக்கு ஒரு பழம் போதும். அம்மிக்கல்லில் தட்டி ஓட்டை இரண்டாகப் பிளந்து, சதையை வழித்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப்போடுங்கள். கிணற்று உவர்த்தண்ணீர் வேண்டாம், காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள், இல்லாவிட்டால் எல்லாமே கரிக்கும். ஊறியதும் புளி கரைக்கிற மாதிரி கையாலேயே பிசைந்து, பெரிய கண் வடிகட்டியில் வடியுங்கள். மிக்ஸியில் போடாதீர்கள், விதை அரைபட்டுத் துவர்ப்பு ஏறிவிடும்.

அடுத்தது கருப்பட்டிப் பாகு. பதநீர் கோடையோடு போய்விட்டது, அதைக் காய்ச்சிய கருப்பட்டிதான் இப்போது கைவசம். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் நல்லது. 100 கிராமைத் தட்டி, 100 மில்லி தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை சுக்குப் பொடியும் போட்டுக் கரையக் கொதிக்க வைத்து இறக்குங்கள். வடிகட்டாமல் விட்டால் பல்லில் மணல் நறநறக்கும்.

கிளாஸ் விளிம்புக்கு நம் ஊர் முண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே குண்டு மிளகாய்தான். இரண்டை வெறும் சட்டியில் கருகாமல் வறுத்து, விதையைத் தட்டிவிட்டு, ஒரு ஸ்பூன் கல்லுப்போடு கொரகொரவென்று இடியுங்கள். விளிம்பில் எலுமிச்சைத் துண்டைத் தேய்த்து அந்தப் பொடியில் ஒரு சுற்று.

சரி, இனி கலக்கலாம். ஒரு கிளாஸுக்குப் பழக்கரைசலில் பாதி, பாகு மூன்று மேசைக்கரண்டி, எலுமிச்சை நாலே சொட்டு (பழமே புளிப்பு), ரம் ஊற்றுவதாக இருந்தால் கறுப்பு ரம் 45 மில்லி. வெள்ளை ரம்மும் வோட்காவும் கருப்பட்டிக்கு முன்னால் நிற்காது. எல்லாவற்றையும் ஐஸோடு மூடி போட்ட பாட்டிலில் குலுக்கி ஊற்றி, மேலே சோடா. சோடாவை முன்னாலேயே விட்டுக் குலுக்கினால் பாதி உங்கள் சட்டைக்குத்தான். எங்கள் வீட்டில் பெரும்பாலும் ரம் இல்லாமல்தான், பைக் எடுக்க வேண்டியவனுக்கும் அதே கிளாஸ்தான்.

ஐஸ் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்கு வீட்டு ஐஸ் தீர்ந்துபோய், மச்சான் ஓடிப்போய் ஒரு பை நிறைய உடைத்த ஐஸ் கொண்டுவந்தான், எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை, முதல் வாய் வைத்த பிறகுதான் தெரிந்தது, அது வள்ளத்துக்கு மீன் பெட்டியில் போடுகிற ஐஸ். விளாம்பழத்தில் சாளை வாடை! மொத்தத்தையும் வேப்பமரத்தடியில் கொட்டினோம். குடிதண்ணீரில் வீட்டிலேயே உறைய வைத்த ஐஸ் மட்டும் போடுங்கள்.

சதை அடியில் தங்கும், கலக்கிக் கலக்கிக் குடியுங்கள். உடைத்த ஓட்டில் ஒரு பாதியைக் கழுவி வைத்துக்கொண்டால், மிச்சமிருக்கும் மிளகாய் உப்பை அதில் போட்டுக் கொய்யாக்காய்க்குத் தொட்டுக்கொள்ளலாம்.