மாட்டு ஏப்பத்தில் போகும் தீவனக் காசு
புல்லும் வைக்கோலும் மட்டும் தின்னும் இறைச்சி மாடு, தீவன ஆற்றலில் சுமார் 6.5 சதவீதத்தை மீத்தேன் வாயுவாக ஏப்பம் விட்டே தீர்த்துவிடும். அமெரிக்கக் கொழுப்பேற்றும் பட்டிகளைப்போல் 90 சதவீதம் தானியத்துக்கு மாறினால் இது 3 சதவீதத்தை ஒட்டி இறங்கும். தானியத்தின் மாவுச்சத்து வயிற்றில் நொதிக்கும்போது அதிகம் உண்டாகும் புரோப்பியானிக் அமிலம், மீத்தேனாக வேண்டிய ஹைட்ரஜனை இழுத்துக்கொள்வதுதான் காரணம்.

ஒரே வாரத்தில் மாற்றிவிடாதீர்கள். குறைந்தது 3 வாரம், நாலு படியாக நார்த்தீவனத்தைக் குறையுங்கள். அவசரப்பட்டால் முதல் இரைப்பையில் பிஹெச் (இது குறையக் குறைய அமிலம் கூடும்) 5.6-க்குக் கீழே போய் அமிலநோய் வரும். சாணத்தைப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் நுரைத்துத் தண்ணியாக விழுந்தால், தானியத்தை ஒரு படி இறக்கி, நறுக்காத வைக்கோல் கொடுங்கள்.

எண்ணெயும் மீத்தேனைக் குறைக்கும். ஆனால் ஈரம் நீக்கிய தீவன எடையில் மொத்தக் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டினால் நார் சரியாகச் செரிக்காது.